கல்லும் களிமண்ணும்: வாசகர் கேள்வி - பதில்

கேள்வி: எகிப்து ஓவியங்களில் மனிதர்கள் முகம் ஒரு பக்கம், உடம்பு ஒரு பக்கம் என்று நிற்கிறார்களே, அவர்களுக்கு வரையத் தெரியாதா? மெசபடோமியாவிலும் இப்படித்தானா? (திருச்சி வாசகி)

பதில்: வரையத் தெரியாமல் இல்லை. அவர்கள் போட்ட வாத்துகளையும் மீன்களையும் பார்த்தால் அந்தச் சந்தேகமே வராது. மனிதன் என்று வந்தால்தான் முகம் பக்கவாட்டில், அதில் கண் மட்டும் நேராக, தோள் நேராக, கால் மறுபடி பக்கவாட்டில். அடுத்த முறை அப்படி ஒரு படம் கிடைத்தால் பாதங்களைப் பாருங்கள். பெரும்பாலும் இரண்டிலும் கட்டைவிரல்தான் தெரியும், சுண்டுவிரல் இருக்காது, அதாவது இரண்டும் ஒரே கால்! கல்லறைப் படம் வெறும் அலங்காரம் இல்லை, செத்துப்போனவருக்கு மறுமையில் அது நிஜமாகவே உதவ வேண்டும் என்று நம்பினார்கள். அதனால் கண்ணுக்குத் தெரிகிறபடி வரைவதைவிட எதுவும் விட்டுப்போகாமல் வரைவது முக்கியம். லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் நெபாமுன் என்பவரின் கல்லறையிலிருந்து எடுத்த தோட்டப் படம் இருக்கிறது, சுமார் 3,350 வருஷம் பழசு. குளம் மேலிருந்து பார்த்தது போல, மீன் பக்கவாட்டில், கரையைச் சுற்றி மரங்கள் சில படுத்தே கிடக்கின்றன. கோயில் குளத்தை வரையச் சொன்னால் நம் வீட்டுப் பிள்ளைகளும் இப்படித்தான் வரையும், ஆனால் இதில் கணக்கு இருக்கிறது. நம் கொத்தனார் நூல் அடிப்பது போலச் சிவப்புச் சாயத்தில் தோய்த்த நூலால் சுவரில் கட்டம் போட்டுக்கொள்வார்கள். நிற்கிற ஆள் உள்ளங்காலிலிருந்து நெற்றி முடிவரை 18 கட்டம், உட்கார்ந்தால் 14. பாதியில் நின்ற கல்லறைகளில் அந்தக் கட்டங்கள் இன்றும் தெரிகின்றன.

மெசபடோமியாவிலும், அதாவது இன்றைய இராக் பக்கத்திலும், பக்கவாட்டு முகத்தில் நேர்க்கண் உண்டு. ஆனால் அவர்களுடைய கவலை வேறு, கடவுள் நம்மைப் பார்க்க வேண்டும், நாமும் அவரைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். இராக்கின் தெல் அஸ்மாரில் 1930-களில் கோயில் தரைக்கடியில் 12 சிலைகள் கிடைத்தன. பெரும்பாலானவை கையைக் கோத்தபடி நிற்க, கண் மட்டும் முகத்துக்குப் பொருந்தாத அளவில், உருட்டி விழிக்கிறது. நாள் முழுக்க சாமி முன்னால் நிற்க யாருக்கு முடியும்? நமக்குப் பதிலாக அந்தச் சிலை நிற்கும்.

கேள்வி: பிறகு ஏன் எல்லாரும் எகிப்தைப் பற்றியே பேசுகிறார்கள்? மெசபடோமியாவில் ஒன்றும் மிஞ்சவில்லையா? (சேலம் வாசகர்)

பதில்: கல்தான் காரணம். எகிப்துக்காரருக்கு நைல் ஓரத்திலேயே சுண்ணாம்புக்கல், அஸ்வானில் கிரானைட், போதாக்குறைக்கு எதையும் கெடவிடாத பாலைமணல். தெற்கு மெசபடோமியாவில் இருந்ததெல்லாம் வண்டல் மண். பச்சைச் செங்கல்லில் கட்டினார்கள், அது கரைந்து மேடாகிவிட்டது. அங்கே லகாஷ் என்ற நகரின் அரசன் குதேயா தன் சிலைக்குக் கருங்கல் மகானிலிருந்து, அதாவது ஓமான் பக்கமிருந்து, வரவழைத்ததைச் சிலையிலேயே எழுதி வைத்தான்! கல் அவ்வளவு அருமை என்பதாலோ என்னவோ, அவர்களுடைய கைவண்ணம் எனக்குச் சின்னப் பொருளில்தான் அதிகம் தெரிகிறது. உருளை முத்திரை என்று ஒன்று. விரல் கணு அளவுக் கல், நடுவில் துளை, கயிற்றில் கோத்து மாட்டிக்கொள்ளலாம். அதில் சிங்கம், வீரன், தெய்வம் எல்லாவற்றையும் இடவலம் மாற்றிச் செதுக்கி, ஈரக் களிமண்ணில் சப்பாத்திக் கட்டை மாதிரி உருட்டினால் முழுக் காட்சியும் புடைத்து வரும். ஜாடி வாயையும் கதவையும் மூடி மண் வைத்து இதை உருட்டிவிட்டால் திருட்டுத்தனமாகத் திறக்க முடியாது.

கேள்வி: யார் யாரைக் காப்பி அடித்தார்கள்? (ஈரோடு வாசகர்)

பதில்: ஆரம்பத்தில் எகிப்து கொஞ்சம் வாங்கிக்கொண்டது. சுமார் 5,100 வருஷத்துக்கு முந்தைய நார்மர் என்ற எகிப்து அரசனின் கல்பலகையில் இரண்டு மிருகங்கள் நீளக் கழுத்தைப் பின்னிக்கொண்டு நிற்கும். மெசபடோமியாவின் உருக் நகர முத்திரைகளில் அதே ஜோடி. அப்புறம் எகிப்து தன் வழியில் போய்விட்டது.

கேள்வி: ஒன்றே ஒன்றைத்தான் பார்க்கலாம் என்றால் எதைப் பார்ப்பீர்கள்? (மதுரை வாசகி)

பதில்: எகிப்து ராணி நெஃபர்டிட்டியின் தலைச்சிலை என்று சொல்வேன் என எதிர்பார்த்திருப்பீர்கள். இல்லை. வடக்கு மெசபடோமியாவில் நினிவே நகர அரண்மனைச் சுவரில் அசிரிய அரசன் அசுர்பனிபால், கிமு 645 வாக்கில், தன் சிங்க வேட்டையைச் செதுக்க வைத்தான். அதில் ஒரு பெண் சிங்கம், முதுகில் அம்புகள், பின்னங்கால் இரண்டும் செயலிழந்து தரையில் இழுபட, முன்னங்காலை ஊன்றி எழுந்து உறுமுகிறது. ராஜாவின் வீரத்தைக் காட்டச் சொன்னால் சிற்பி நம் கண்ணைச் சிங்கத்தின் மேலேயே நிறுத்திவிட்டான். இன்னொரு பலகையில் வேட்டைக்காகக் கூண்டிலிருந்து சிங்கத்தைத் திறந்துவிடுகிறார்கள். திறந்துவிடுகிற ஆள் கூண்டின் மேல் நிற்கிறான், அவனும் பத்திரமாக இன்னொரு சின்னக் கூண்டுக்குள்!