நேர்முக உதவியாளர் பணி: புதிதாக நுழைவோரின் கேள்விகளுக்குப் பதில்கள்

சென்னையில் தனியார் நிறுவன இயக்குநர்களிடம் நெடுங்காலமாக நேர்முக உதவியாளராகப் பணியாற்றிவரும் பெண்மணி ஒருவர் பதிலளிக்கிறார்.

கேள்வி: பி.காம். முடித்துள்ளேன், தட்டச்சு தெரியும். சுருக்கெழுத்தும் கற்க வேண்டுமா?

பதில்: அரசுப் பணி நோக்கம் என்றால் கட்டாயம் கற்க வேண்டும். டிஎன்பிஎஸ்சி குரூப் 4 தேர்வின் வழியே சுருக்கெழுத்துத் தட்டச்சராக விரும்புபவர், தொழில்நுட்பக் கல்வி இயக்ககத்தின் தட்டச்சு, சுருக்கெழுத்துத் தேர்வுகளில் தேறியிருக்க வேண்டும். தட்டச்சில் இளநிலைக்கு நிமிடத்திற்கு 30 சொற்கள், முதுநிலைக்கு 45 சொற்கள் வேகம் தேவை. மத்திய அரசின் எஸ்எஸ்சி (பணியாளர் தேர்வாணையம்) நடத்தும் ஸ்டெனோகிராபர் (சுருக்கெழுத்தர்) தேர்வில், கிரேடு டி பணிக்கு நிமிடத்திற்கு 80 சொற்கள், கிரேடு சி பணிக்கு 100 சொற்கள் என்ற வேகத்தில் 10 நிமிடம் சொல்லக் கேட்டு எழுத வேண்டும். அது ஆங்கிலத்திலோ இந்தியிலோதான் நடைபெறும். தனியார் நிறுவனங்கள் சுருக்கெழுத்தைப் பெரும்பாலும் கேட்பதில்லை. அங்கே பிழையற்ற கடிதமும் எக்செல் பழக்கமும் முன்னே நிற்கும்.

கேள்வி: மாவட்ட ஆட்சியரின் நேர்முக உதவியாளராகச் சுருக்கெழுத்து போதுமா?

பதில்: போதாது. ஆட்சியரின் நேர்முக உதவியாளர் (பொது) என்பது துணை ஆட்சியர் நிலையிலான பணியிடம். பெயர் ஒன்றாக இருப்பதால் பலர் குழம்புகிறார்கள்.

கேள்வி: முன் அனுபவம் இல்லை. நேர்காணலில் என்ன எதிர்பார்ப்பார்கள்?

பதில்: கடிதம் ஒன்றை எழுதச் சொல்வார்கள், ஒரே நேரத்தில் இரண்டு கூட்டங்கள் வந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்பார்கள். "மேலதிகாரியிடம் கேட்பேன்" என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். எந்தக் கூட்டத்தைத் தள்ளிவைக்க இயலும், மாற்று நேரம் எது என்பதை விசாரித்து வைத்துக்கொண்டு கேட்பேன் என்று சொல்லுங்கள். இந்த வேலையின் சாரமே அதில்தான் இருக்கிறது என்பது என் உறுதியான கருத்து. விமானச் சீட்டுப் பதிவையும் நன்கு பழகிக்கொள்ளுங்கள். நம்மவர்கள் பெயருக்கு முன் தலைப்பெழுத்து இடுவார்கள், ஆதாரில் "கே. முருகன்" என்றிருக்கும், கடவுச்சீட்டிலோ தந்தையின் முழுப்பெயர் குடும்பப் பெயருக்குரிய கட்டத்தில் இருக்கும். வெளிநாட்டுப் பயணத்திற்குக் கடவுச்சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு, அதிலுள்ளபடியே எழுத்து எழுத்தாகப் பதிவு செய்யுங்கள். அதன் காலாவதித் தேதியையும் அப்போதே பாருங்கள், ஏனெனில் வந்துசேரும் நாளிலிருந்து 6 மாதம் செல்லுபடியாக வேண்டும் என்று பல நாடுகள் கேட்கின்றன.

கேள்வி: ஐயாவின் அறையில் என்ன பேசினார்கள் என்று உடன் பணிபுரிபவர்கள் கேட்டால் எப்படிச் சமாளிப்பது?

பதில்: "அதை அவரிடமே கேட்டுவிடுங்கள்" என்று மலர்ந்த முகத்துடன் சொல்லுங்கள். பொய்க் காரணம் சொல்ல வேண்டாம், அரைகுறைக் குறிப்பும் தர வேண்டாம். பதவி உயர்வோ பணிநீக்கமோ முன்கூட்டியே கசிந்தால் முதல் சந்தேகம் உங்கள்மீதுதான் விழும். மேசையில் கோப்பைத் திறந்துவைத்துவிட்டுத் தேநீருக்குப் போகும் பழக்கத்தையும் முதல் நாளிலிருந்தே தவிருங்கள்.

கேள்வி: வீட்டு வேலைகளையும் சொல்வார்களா, அம்மா?

பதில்: சில இடங்களில் சொல்வார்கள், பள்ளிக் கட்டணம், மின் கட்டணம், குடும்பப் பயணம் போன்றவை வரும். அது தவறன்று, ஆனால் பணியில் சேரும் முன்பே எவையெவை அடங்கும், அலுவலக நேரத்திற்குப் பின் அழைப்பார்களா என்பதைக் கேட்டு, பணி நியமனக் கடிதத்தில் எழுத்தாகப் பெற்றுக்கொள்ளுங்கள், மகளே. உங்கள் கைப்பணத்தைச் செலவிட நேர்ந்தால் ரசீதை அன்றைக்கே ஒப்படைத்துவிடுங்கள்.