பச்சைத் தலையா, நீலத் தலையா: ஃபைபர் ஜாயிண்ட் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் வீட்டு ஃபைபர் இணைப்பைப் பற்றியவை. எல்லாம் சுற்றிச் சுற்றி, ஒயரை எங்கே, எதைக் கொண்டு சேர்க்கிறார்கள் என்ற இடத்தில்தான் வந்து நிற்கின்றன. அதனால் மற்றதை ஒதுக்கிவிட்டு இதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: சார், நாங்கள் தண்டையார்பேட்டையில் இருக்கிறோம். தெருவுக்குள் வந்த கண்டெய்னர் லாரி எங்கள் வீட்டுக்கு வரும் ஃபைபர் ஒயரை இழுத்து அறுத்துவிட்டது. கேபிள்காரர் வந்து, அறுந்த இரண்டு முனையிலும் கிளிப் மாதிரி ஒன்றை மாட்டி, நடுவில் சின்னப் பச்சைப் பெட்டி வைத்துச் சேர்த்து, மொட்டை மாடியில் தொங்கவிட்டார். 600 ரூபாய் வாங்கினார். மூன்று வாரம் ஓடியது. இப்போது மதியமானால் நெட் பெட்டியில் சிவப்பு லைட் எரிகிறது. முழு ஒயரையும் மாற்ற வேண்டும், 1,800 ரூபாய் என்கிறார். கொடுக்கலாமா?

பதில்: உடனே கொடுக்காதீர்கள். அதே சமயம் அவர் ஏமாற்றுகிறார் என்றும் முடிவு கட்டிவிடாதீர்கள், ஏனென்றால் முதலில் செய்த வேலைதான் தப்பு, இப்போது சொல்வது ஒருவேளை சரியாகவே இருக்கலாம்.

உங்கள் ஒயருக்குள் இருக்கும் கண்ணாடி இழையின் மொத்தக் குறுக்களவு 125 மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டரில் எட்டில் ஒரு பங்கு. வெளிச்சம் ஓடுவது அதிலும் நடுவில் ஏறக்குறைய 9 மைக்ரான் அகலமுள்ள இடத்தில் மட்டும். அறுந்த இரண்டு முனைகளிலும் அந்த 9 மைக்ரானும் 9 மைக்ரானும் நேருக்கு நேர் நிற்க வேண்டும். தாமிரக் கம்பி என்றால் முறுக்கி டேப் சுற்றினால் கரண்ட் ஓடிவிடும், இங்கே கொஞ்சம் விலகினாலும் வெளிச்சம் வழியில் சிந்திவிடும்.

அவர் மாட்டியது ஃபாஸ்ட் கனெக்டர். அதில் நல்ல வகைக்குள் தொழிற்சாலையிலேயே பாலிஷ் செய்த ஒரு குட்டி இழை இருக்கும், நம் இழையை வெட்டி உள்ளே தள்ளினால் ஒரு மெல்லிய பள்ளத்தில் இரண்டும் முட்டிக்கொள்ளும், இடையில் உள்ள இடைவெளியைக் கண்ணாடியின் ஒளி குணத்துக்குப் பொருத்தமான ஒரு ஜெல் நிரப்பும். மிகவும் யோசித்துச் செய்த கண்டுபிடிப்பு அது, மெஷின் இல்லாமல் இரண்டு நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். மலிவு வகையில் அந்தக் குட்டி இழையும் கிடையாது, ஜெல்லும் கிடையாது, வெட்டிய முனை அப்படியே முகத்துக்கு வந்து நிற்கும். எந்த வகையானாலும் இழையைப் பிடித்திருப்பது ஒரு பிளாஸ்டிக் கவ்விதான். வெயிலில் ஒயர் நீளும், காற்றில் ஆடும், கவ்விக்குள் இழை ஒரு துளி பின்னால் நகரும். மதியத்தில் உங்களுக்குச் சிவப்பு லைட் எரிய இதுவே காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம். அதோடு கணக்குப் போட்டுப் பாருங்கள், ஒரே ஒரு அறுப்புக்கு இரண்டு கனெக்டர், நல்ல வகை என்றால் அவற்றுக்குள் ஆளுக்கொரு சேர்ப்பு, நடுவில் பெட்டிக்குள் இன்னொரு சேர்ப்பு, ஆக மூன்று இடத்தில் வெளிச்சம் தாண்ட வேண்டியிருக்கிறது. அதையும் மொட்டை மாடியில், மழைக்கும் கடற்காற்றுக்கும் நடுவில் தொங்கவிட்டிருக்கிறார். ஃபாஸ்ட் கனெக்டர் வீட்டுக்குள், சுவர்ப் பெட்டிக்குள் இருந்தால் பரவாயில்லை, தெருவில் நடு ஜாயிண்டுக்கு அது வேண்டாம்.

நடு ஜாயிண்டுக்கு ஃபியூஷன் ஸ்ப்ளைஸ்தான் கேட்க வேண்டும். இழையின் தோலை உரித்து, ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் துடைத்து, கிளீவர் என்ற இழை வெட்டும் கருவியில் நேராக வெட்டி மெஷினுக்குள் எதிரெதிராக வைத்தால், அது கேமராவில் பார்த்து நேர்ப்படுத்தி, மின்பொறியில் உருக்கி இரண்டையும் ஒரே கண்ணாடியாக்கிவிடும். ஒழுங்காகப் போட்ட ஜாயிண்டில் இழப்பு 0.1 டெசிபெல்லுக்குள் (வெளிச்சம் எவ்வளவு குறைகிறது என்பதைச் சொல்லும் அலகு) அடங்கும். அதன் மேல் சின்ன இரும்புக் கம்பி வைத்த ஒரு ஸ்லீவைச் சூடாக்கிச் சுருக்குவார்கள், அப்புறம் தண்ணீர் புகாத பெட்டிக்குள் வைப்பார்கள்.

ஆனால் லாரி இழுத்த ஒயர் என்பதால் ஒன்று கவனியுங்கள். அறுந்த இடம் ஒன்றாக இருந்தாலும் வேறு இடங்களில் உள்ளே விரிசல் விட்டிருக்கலாம். சிவப்பு லேசர் பேனா லைன் ஆட்களிடம் பெரும்பாலும் இருக்கும், அதை ஒரு முனையில் அடித்தால் அடிபட்ட இடத்தில் உறைக்கு வெளியிலும் சிவப்பு தெரியும் (கறுப்பு உறை கனமாக இருந்தால் இருட்டியபின் பார்க்கச் சொல்லுங்கள், முனையைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்க்கவே பார்க்காதீர்கள்). இரண்டு மூன்று இடத்தில் கசிந்தால் புது ஒயர்தான் நியாயம். கம்பத்திலிருந்து உங்கள் வீடு 40, 50 மீட்டர்தான் என்றாலும் ஜாயிண்டே இல்லாத புது ஒயர் நல்லது. அப்போது 1,800 ரூபாயில் எத்தனை மீட்டர், முனைகளில் என்ன போடுகிறார், வேலை முடிந்ததும் வரும் ஒளியின் பவர் எவ்வளவு என்று மூன்றையும் ரசீதில் எழுதச் சொல்லுங்கள். முன்பு கொடுத்த 600 ரூபாயைக் கழிக்கச் சொல்வதில் தப்பே இல்லை.

கேள்வி: வியாசர்பாடியில் இருந்து எழுதுகிறேன் அண்ணா. ரோட்டரை அடுத்த ரூமுக்கு மாற்ற ஆன்லைனில் 5 மீட்டர் பேட்ச் கார்டு (இரண்டு முனையிலும் தலை மாட்டிய ரெடிமேட் ஃபைபர் ஒயர்) வாங்கினேன். இரண்டு தலையும் நீல நிறம். சுவர்ப் பெட்டியில் இருக்கும் துளை பச்சை. சரியாக உள்ளே போய் கிளிக் என்று உட்காருகிறது, ஆனால் நெட் விட்டு விட்டு வருகிறது. ஒயர் டூப்ளிகேட்டா?

பதில்: ஒயர் நல்லதாகவே இருக்கலாம் தம்பி, ஜோடிதான் தப்பு. முதலில் அந்தத் துளையிலிருந்து அதை எடுத்துவிடுங்கள்.

இந்தச் சதுரத் தலைக்கு எஸ்.சி. என்று பெயர், ஜப்பானின் என்.டி.டி. நிறுவனம் 1980-களில் உருவாக்கியது. இதற்கு முந்தையவற்றில் திருகு போலச் சுற்றிப் பூட்டுபவை அதிகம், இது தள்ளினால் பூட்டும், இழுத்தால் வரும். உள்ளே இருக்கும் வெள்ளைக் குச்சி சிர்கோனியா பீங்கான், 2.5 மில்லிமீட்டர் தடிமன், அதன் நடுத் துளையில் நம் இழை ஒட்டியிருக்கும். பார்க்க இரண்டு நிறமும் ஒன்றுபோல இருந்தாலும் அந்தக் குச்சியின் முகம் வேறு. நீலத்தில் முகம் நேராக, லேசாகக் குவிந்து பாலிஷ் ஆகியிருக்கும், உறையில் யு.பி.சி. என்று இருக்கும். பச்சையில் 8 டிகிரி சாய்வாகத் தேய்த்திருப்பார்கள், அது ஏ.பி.சி. கண்ணாடி முகத்தில் பட்டுத் திரும்பும் கொஞ்ச வெளிச்சம் வந்த வழியே போய் லேசரைக் குழப்பாமல், சாய்வில் பட்டு ஓரமாகச் சிதறட்டும் என்பதற்காகத்தான் அந்த 8 டிகிரி. டி.வி. சிக்னலையும் அதே இழையில் 1550 நானோமீட்டர் அலைநீளத்தில் அனுப்புபவர்களுக்கு இந்தத் திரும்பும் வெளிச்சம் பெரிய தலைவலி, படமே கெட்டுவிடும், அதனால் கேபிள் டி.வி. வழியாக வளர்ந்த லைன்களில் பச்சையைப் பார்க்கலாம்.

நேர் முகத்தையும் சாய்ந்த முகத்தையும் முட்டவிட்டால் நடுவில் காற்று இடைவெளி விழும், பல டெசிபெல் அங்கேயே போய்விடும். போதாததற்கு, ஒன்றின் விளிம்பு மற்றதன் முகத்தைக் கீறவும் செய்யும். அதனால் வாங்க வேண்டியது சுவர்ப் பக்கம் பச்சை, ரோட்டர் பக்கம் ரோட்டரின் துளை என்ன நிறமோ அது. ஒரு முனை பச்சை, மறுமுனை நீலம் என்றே கார்டு கிடைக்கிறது. வளைக்கத் தாங்கும் ஜி.657.ஏ2 வகை இழை என்று எழுதியிருந்தால் அதையே எடுங்கள், அது 7.5 மில்லிமீட்டர் ஆரம் வரை வளைவைத் தாங்கும், கதவு மூலையில் திருப்பும்போது உதவும். புதுக் கார்டின் மூடியைக் கழற்றியதும் முகத்தைச் சட்டையில் துடைக்காதீர்கள். நம் தெருத் தூசியில் ஒரு துகள் போதும், அந்த 9 மைக்ரானை மூடிவிடும்.

கேள்வி: கடையில் "கப்ளர்" கேட்டால் ஒருவர் 30 ரூபாய்க்கு ஒன்றும், இன்னொருவர் 350 ரூபாய்க்கு வேறு ஒன்றும் தருகிறார். எது உண்மையான கப்ளர்? கீழ் வீட்டு இணைப்பை மேல் வீட்டுக்கும் பிரிக்க வேண்டும். (கொருக்குப்பேட்டை)

பதில்: இரண்டையும் நம் ஊரில் கப்ளர் என்றே சொல்கிறார்கள், குழப்பம் அதனால்தான். 30 ரூபாய்ப் பொருள் அடாப்டர், இரண்டு தலைகளை எதிரெதிரே பிடித்து வைக்கும் துளை, அவ்வளவே. மற்றது வெளிச்சத்தைப் பங்கு போடுவது. பழைய முறையில் இரண்டு இழைகளைப் பக்கத்தில் பக்கமாக முறுக்கிச் சூடாக்கி இழுப்பார்கள், மெலிந்த இடத்தில் ஒன்றின் வெளிச்சம் மற்றதுக்குத் தாவும், எவ்வளவு இழுக்கிறோமோ அதைப் பொறுத்து 50-50, 90-10 என்று விகிதம் கிடைக்கும். எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த வேலை அது. புதிய முறை, சில்லு ஒன்றின் மேல் கண்ணாடிப் பாதையைக் கிளை கிளையாகப் பிரிப்பது, ஸ்ப்ளிட்டர் என்பார்கள்.

ஆனால் நீங்கள் இரண்டையும் வாங்க வேண்டாம். இரண்டாகப் பிரித்தாலே பவர் பாதிக்கும் சற்றுக் குறைந்துவிடும், கிட்டத்தட்ட 3.5 டெசிபெல் இழப்பு. தெருவிலேயே ஏற்கெனவே 32 வீட்டுக்குப் பிரித்திருந்தால் அங்கே 17 டெசிபெல் போயிருக்கும். அதைத் தாங்கினாலும், மேல் வீட்டில் வைக்கும் பெட்டியின் எண்ணை நிறுவனம் தன் பக்கம் பதிவு செய்யாமல் அது வேலையே செய்யாது. கீழ் ரோட்டரிலிருந்து மேலே ஒரு லேன் கேபிள் இழுத்து இன்னொரு வைஃபை பெட்டி வையுங்கள், முடிந்தது. ஒரே குடும்பம் என்றால் சரி, வாடகைக்கு விட்ட வீடு என்றால் நிறுவனத்தின் நிபந்தனையைப் படித்துவிட்டுச் செய்யுங்கள்.

கேள்வி: திருவொற்றியூர். நெட் மெதுவாக இருக்கிறது என்று சொன்னால் ரோட்டரை மாற்றச் சொல்லி 2,500 ரூபாய் கேட்கிறார்கள். தேவைதானா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: ஒரே ஒரு எண்ணைக் கேளுங்கள். ரோட்டருக்குள் வரும் ஒளியின் பவர் எத்தனை டிபிஎம் (ஒளியின் பவரைச் சொல்லும் அலகு)? ரோட்டரின் செட்டிங் பக்கத்தில் ஆப்டிகல் அல்லது பான் என்ற இடத்தில் ஆர்எக்ஸ் பவர் என்று இருக்கும், வரும் ஆளின் மீட்டரிலும் காட்டும். மைனஸ் 15 முதல் மைனஸ் 24 வரை என்றால் நிம்மதி. ஜிபான் என்ற ஃபைபர் முறையில் ஓடும் பரவலான வீட்டுப் பெட்டிகளில் பலவற்றுக்கு மைனஸ் 27தான் எல்லை. ஒவ்வொரு 3 டெசிபெல் இறக்கமும் வெளிச்சம் பாதியாவது என்பதை மறக்காதீர்கள், மைனஸ் 20 இருந்தது மைனஸ் 26 ஆனால் கால் பங்குதான் வருகிறது. எண் மோசமென்றால் கோளாறு ஒயரில், ஜாயிண்டில், அல்லது அழுக்குத் தலையில், புது ரோட்டர் அதைச் சரி செய்யாது. எண் நன்றாக இருந்தும் லேன் கேபிளில் சோதித்தால் வேகம் வருகிறது, வைஃபையில் மட்டும் வரவில்லை என்றால்தான் ரோட்டரைப் பற்றி யோசிக்கலாம்.

2023 டிசம்பர் மிக்ஜாம் வெள்ளத்துக்குப் பிறகு எங்கள் வீட்டிலும் இதே கதை நடந்தது. புது ரோட்டர் வாங்கினோம், மாற்றமில்லை, கடைசியில் கீழே இருந்த ஜாயிண்ட் பெட்டிக்குள் சேற்றுத் தண்ணீர் புகுந்து கனெக்டர் முகம் முழுவதும் படிந்திருந்தது. துடைத்து, ஒன்றை மட்டும் மாற்றியதும் சரியானது. ரோட்டருக்குக் கொடுத்த பணத்தைத் திருப்பித் தர மறுத்தார்கள், அந்தக் கோபம் எனக்கு இன்னும் இருக்கிறது.

மறுத்தால் முதலில் நிறுவனத்தில் புகார் எண் வாங்குங்கள், அது இல்லாமல் பேசாதீர்கள். அப்புறம் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மசியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம், நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் வழக்குக் கட்டணம் கிடையாது. பவர் எண் தெரியும் செட்டிங் பக்கத்தைப் போனில் படம் எடுத்து வையுங்கள்.

கேள்வி: என் மகன் ஐ.டி.ஐ. முடித்திருக்கிறான். ஃபியூஷன் மெஷின் இருந்தால் தினமும் வேலை கிடைக்கும் என்று பழைய மெஷின் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறான், 60,000 ரூபாய். நகையை வைத்துத்தான் வாங்க வேண்டும். நம்பலாமா சார்? (காசிமேடு)

பதில்: அம்மா, நகையை இந்த வாரம் வைக்காதீர்கள். பையன் முதலில் மெஷின் வைத்திருக்கும் யாருடனாவது இரண்டு மாதம் உதவிக்குப் போகட்டும், கை பழகாமல் மெஷின் வந்தால் அது அலமாரியில்தான் இருக்கும்.

அதற்குப் பிறகும் வாங்குவதென்றால், மெஷினைவிட கூட வரும் கிளீவரைத்தான் முதலில் பார்க்க வேண்டும். வெட்டு ஒரு டிகிரிக்கு மேல் சாய்ந்தாலே எவ்வளவு நல்ல மெஷினும் நல்ல ஜாயிண்ட் போடாது, வெட்டிய கோணத்தை மெஷின் திரையிலேயே காட்டும். அடுத்து, ஆர்க் எண்ணிக்கை, அதாவது மெஷின் எத்தனை முறை மின்பொறி அடித்தது என்பது மெனுவில் இருக்கும், மொத்தம் எத்தனை, எலெக்ட்ரோடு (மின்பொறி கிளம்பும் கம்பி முனை) மாற்றியபின் எத்தனை என்று பார்க்கட்டும். எலெக்ட்ரோடு மாற்றிக்கொள்ளலாம், பெரிய செலவில்லை, ஆனால் இழை உட்காரும் பள்ளமோ கேமராவோ கெட்டிருந்தால் செலவு தாங்காது. மெஷின் இழையின் நடுக் கோட்டையே பார்த்து நேர்ப்படுத்துகிறதா, வெளி விளிம்பை வைத்தா என்றும் கேளுங்கள். முதல் வகைக்குத்தான் விலை அதிகம், வீட்டு இணைப்பு வேலைக்கு இரண்டாவதே போதும். பேட்டரியில் எத்தனை ஜாயிண்ட் ஓடுகிறது என்பதும் முக்கியம், கம்பத்தடியில் பிளக் கிடைக்காது.

விற்பவர் முன்னால், பேட்டரியில், பையன் தன் கையால் பத்து ஜாயிண்ட் போடட்டும். திரையில் வரும் இழப்பு மெஷினின் கணிப்புதான், அதனால் லேசர் ஒளி தரும் கருவியும் பவர் மீட்டரும் வைத்து அளந்தும் பார்க்கட்டும். பத்தில் நன்றாக வந்தவை எட்டுக்குக் குறைந்தால் வேண்டாம் என்று திரும்பி வந்துவிடுங்கள். எட்டோ அதற்கு மேலோ நன்றாக வந்தால், சீரியல் எண் எழுதிய விற்பனை ரசீது கைக்கு வந்த பிறகு பணத்தைக் கொடுங்கள்.