கடைசி வரிசைக்குக் கேட்கிறதா? பெரிய நிகழ்ச்சிகளின் ஒலியமைப்பு: கேள்வி பதில்

திறந்தவெளிக் கச்சேரி முதல் நிறுவனங்களின் ஆண்டுக் கூட்டம் வரை ஒலியமைப்பதைப் பற்றி எதையும் கேட்கலாம் என்று சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ‘மிக்ஸரில் எதைத் திருகினால் இது சரியாகும்?’ என்றே முடிகின்றன. (எல்லா மைக்குகளின் ஒலியையும் கலந்து ஸ்பீக்கருக்கு அனுப்பும் பலகைதான் மிக்ஸர்.) என் பதில்களில் பெரும்பாலானவை மிக்ஸரைத் தொடவே தொடாதவை என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

கேள்வி (கோவை, நிகழ்ச்சி ஒருங்கிணைப்பாளர்): எங்கள் தலைவர் மெல்லிய குரலில் பேசுவார். ஒலியைக் கூட்டினால் உடனே ஹவுலிங் (ஸ்பீக்கரின் ஒலியை மைக் மீண்டும் வாங்குவதால் எழும் ஊளை) வருகிறது. ஈக்வலைசரில் (அதிர்வெண்களைத் தனித்தனியே கூட்டிக் குறைக்கும் கருவி) எதைக் குறைப்பது?

பதில்: ஈக்வலைசருக்குப் போகும் முன், அவர் வாய்க்கும் மைக்குக்கும் இடையே எத்தனை சாண் இருக்கிறது என்று பாருங்கள். அந்தத் தூரம் பாதியாகும் ஒவ்வொரு முறையும் மைக்குக்குள் போகும் குரல் 6 டெசிபல் உயரும். 60 செ.மீ. தள்ளியிருக்கும் மைக்கை 15 செ.மீ.க்குக் கொண்டுவந்தால் 12 டெசிபல் கிடைத்துவிடும். ஹவுலிங் வருவதற்கு முன் ஒலியைக் கூட்ட, குரலைக் கெடுக்காமல் அவ்வளவு இடத்தை எந்த ஈக்வலைசரும் வாங்கித் தராது. நான் வேலை பார்த்த ஒரு கூட்டத்தில், பேச்சாளர் மேடையேறியதும் முதல் காரியமாக மைக்கின் கழுத்தைப் பிடித்து அப்பால் வளைத்துவிட்டார். முகத்தை மறைக்கிறது என்று புகைப்படக்காரர் சொல்லியிருந்தாராம். அன்று முழுக்க ஹவுலிங்கின் விளிம்பிலேயே ஓட்டினேன். இப்படிப்பட்டவர்களுக்குக் கன்னத்தோடு ஒட்டி நிற்கும் தோல்நிற ஹெட்செட் மைக்கே நல்லது. காலர் மைக் நெஞ்சில் இருப்பதால் குரலை விட அரங்கத்தைத்தான் அதிகம் வாங்கும். அவர் தலையைத் திருப்பினால் அந்தக் குரலும் போய்விடும்.

போடியத்தில் அழகுக்காக இரண்டு மைக் வைத்து இரண்டையும் திறந்து வைப்பதைக் கைவிடுங்கள். ஒரே குரல் இரண்டு மைக்குகளுக்குச் சற்று முன்பின்னாக வந்து சேரும்போது சில அதிர்வெண்கள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு மறைந்துவிடும்; அவர் அசையும்தோறும் குரலின் நிறமும் மாறும். ஒன்று வேலைக்கு, மற்றது ஆபத்துக்கு.

கேள்வி (அதே ஊர்): குழு விவாதத்தில் எட்டுப் பேர் இருந்தால்?

பதில்: திறந்திருக்கும் மைக்குகளின் எண்ணிக்கை இரட்டிக்கும் ஒவ்வொரு முறையும் ஹவுலிங்குக்கு முன் இருக்கும் இடம் 3 டெசிபல் குறையும். எட்டும் திறந்திருந்தால் 9 டெசிபல் போயிற்று. பேசுபவரின் மைக்கை மட்டும் கையால் ஏற்றி இறக்குவது நல்ல பழக்கம்தான். ஆனால் யார் எப்போது குறுக்கிடுவார் என்று யாருக்குத் தெரியும்? இதற்காகவே அமெரிக்கப் பொறியாளர் டான் டூகன் 1970களில் ஒரு தானியங்கி முறையை உருவாக்கினார். எட்டு மைக்குகளுக்கும் சேர்த்து ஒரு மைக்கின் அளவு மொத்த ஒலியே இருக்கும். அதை யார் பேசுகிறாரோ அவருக்கு அது பிரித்துக் கொடுக்கும். இன்றைய டிஜிட்டல் மிக்ஸர்கள் பலவற்றில் இந்த வசதி உள்ளேயே இருக்கிறது. இருந்தும் அதைத் திறந்து பார்க்காதவர்களே அதிகம்.

கேள்வி (சென்னை, விளம்பர நிறுவன ஊழியர்): ஆயிரம் பேருக்கு எத்தனை ஆயிரம் வாட்ஸ் கேட்க வேண்டும்?

பதில்: வாட்ஸ் கேட்காதீர்கள். வாட்ஸை இரட்டித்தால் கிடைப்பது 3 டெசிபல் மட்டுமே. காதுக்கு இரு மடங்காகத் தோன்ற ஏறத்தாழ 10 டெசிபல், அதாவது பத்து மடங்கு வாட்ஸ் வேண்டும். ஒப்பந்தத்தில் ‘முதல் வரிசைக்கும் கடைசி வரிசைக்கும் இடையே வேறுபாடு 6 டெசிபலுக்கு மேல் போகக் கூடாது’ என்று எழுதுங்கள். அந்த ஒரு வரியைப் படித்ததும் எந்த ஸ்பீக்கர் எந்த வரிசைக்கு என்ற வரைபடத்தை எடுத்துக்கொண்டு வருபவருக்கு வேலையைக் கொடுங்கள்.

கேள்வி (திருச்சி, மைக் செட் உரிமையாளர்): மைதானத்தில் 60 மீட்டர் தள்ளி டிலே ஸ்பீக்கர் (பின்வரிசைகளுக்கான கூடுதல் ஸ்பீக்கர்) வைத்தேன். பின்னால் இருந்தவர்களுக்கு ஒவ்வொரு சொல்லும் இரண்டு முறை கேட்டது. எங்கே தவறு?

பதில்: மின்சாரம் உடனே போய்விடுகிறது, ஒலி நடந்து வருகிறது. 32 பாகை வெப்பத்தில் ஒலி விநாடிக்கு ஏறத்தாழ 351 மீட்டர் செல்லும் என்பதால், மேடை ஸ்பீக்கரிலிருந்து 60 மீட்டரைக் கடக்க அதற்கு 171 மில்லிவிநாடி ஆகும். டிலே ஸ்பீக்கருக்கு அந்தத் தாமதத்தைக் கொடுக்காவிட்டால், பின்னால் இருப்பவர் முதலில் அருகிலுள்ள ஸ்பீக்கரையும், ஆறில் ஒரு விநாடி கழித்து மேடையையும் கேட்பார். அதைத்தான் உங்கள் கூட்டம் கேட்டது.

கணக்குப்படி 171 கொடுத்தால் எதிரொலி போய்விடும். ஆனாலும் குரல் மேடையிலிருந்து வராமல் பக்கத்துக் கம்பத்திலிருந்து வருவதுபோல் இருக்கும். இங்கே உதவுவது 1949இல் ஜெர்மனியில் ஹெல்முட் ஹாஸ் தன் ஆய்வில் காட்டிய காதின் குணம். முதலில் வந்து சேரும் ஒலியின் திசையையே காது நம்பும். சில மில்லிவிநாடி பின்னால் வருவது அதைவிடச் சற்று உரத்து இருந்தாலும், அதைத் தனி ஒலியாக எடுத்துக்கொள்ளாது. எனவே 171உடன் 10 முதல் 15 வரை கூட்டி 185ஐ ஒட்டி வைத்துப் பாருங்கள். பார்வையாளர் மேடையிலிருந்து கேட்பதாகவே நினைப்பார். தெளிவை மட்டும் அருகிலிருக்கும் ஸ்பீக்கர் தரும். 30க்கு மேல் கூட்டினால் மீண்டும் இரட்டிப்பு தலைகாட்டத் தொடங்கும்.

மாலையில் 35 பாகையில் வைத்த அளவு இரவு 28 பாகையில் மாறிவிடாதா என்று நீங்கள் அடுத்துக் கேட்கக்கூடும். 60 மீட்டருக்கு 2 மில்லிவிநாடிதான் மாறும். நாம் கூட்டிய பத்து அதைத் தாங்கிக்கொள்ளும். நான் கவலைப்படுவது காற்றைப் பற்றி. நிலம் கொதிக்கும் பிற்பகலில் ஒலி மேல்நோக்கி வளைந்து பின்வரிசைகளின் தலைக்கு மேலே போய்விடும்; நிலம் குளிர்ந்த இரவில் கீழ்நோக்கி வளைந்து நெடுந்தூரம் ஓடும். நான்கு மணிக்கு ‘பின்னால் போதவில்லை’ என்று கூட்டிவைத்ததை அப்படியே விட்டுவிட்டு ஒன்பது மணிக்கு நிகழ்ச்சியை நடத்தினால், அடுத்த தெருவிலிருந்து புகார் வரத்தான் செய்யும்.

கேள்வி (மதுரை, விழாக் குழு உறுப்பினர்): புகார் என்றதும் நினைவுக்கு வருகிறது. சட்டப்படி அளவு என்ன?

பதில்: 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியின் வரம்பு பகலில் 55, இரவில் 45 டெசிபல். ஒலிபெருக்கி வைக்கும் பொது இடத்தின் எல்லையில், அந்தப் பகுதியின் வரம்பை விட 10 டெசிபல் கூடுதல் அல்லது 75 டெசிபல், இவற்றுள் எது குறைவோ அதைத் தாண்டக் கூடாது. இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. பண்பாட்டு, சமய விழாக்களுக்காக ஆண்டுக்கு 15 நாள் வரை நள்ளிரவுவரை மாநில அரசு தளர்த்தலாம். எழுத்து மூலமான அனுமதி எப்போதும் தேவை. மேடையை எந்தப் பக்கம் திருப்புவது என்பதை அலங்காரக்காரர் முடிவு செய்யும் முன் எங்களிடம் ஒரு வார்த்தை கேட்டால், இந்தச் சிக்கலில் பாதி தீரும்.

கேள்வி (சென்னை, நட்சத்திர விடுதி விழா மேலாளர்): வாடிக்கையாளர்கள் எல்லாரும் ‘லைன் அரே’ (ஸ்பீக்கர் பெட்டிகளை ஒன்றன்கீழ் ஒன்றாகத் தொங்கவிடும் அமைப்பு) வேண்டும் என்கிறார்கள். எங்கள் அரங்கின் கூரை நாலரை மீட்டர்தான்.

பதில்: 1990களின் தொடக்கத்தில் பிரான்சின் எல்-அக்கூஸ்டிக்ஸ் நிறுவனம் வி-டாஸ்க் என்ற அமைப்போடு இதைப் பரவலாக்கியதிலிருந்து, மேடையின் இருபுறமும் வாழைத்தார்போல் வளைந்து தொங்குவதே பெரிய நிகழ்ச்சியின் அடையாளமாகிவிட்டது. அந்த வளைவின் வேலை நீளத்தில் இருக்கிறது. 100 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளமே மூன்றரை மீட்டர். அதை அடக்கியாளும் அளவுக்கு நீளமான தார் உங்கள் கூரையின் கீழ் தொங்காது. நான்கு சிறு பெட்டிகளை ஒரு மீட்டருக்கு அடுக்கினால் மேல் அதிர்வெண்கள் மட்டும் கட்டுப்படும். கீழ் அதிர்வெண்கள் இஷ்டத்துக்குச் சுற்றிவரும். அந்த அரங்குக்கு மேடையருகே இரண்டு நல்ல பெட்டிகளும், பத்துப் பதினைந்து மீட்டருக்கு ஒரு வரிசையாகத் தாமதம் கொடுத்த சிறு ஸ்பீக்கர்களும் போதும். புகைப்படத்துக்கு லைன் அரே வேண்டும் என்றால் தொங்கவிடுங்கள், தவறில்லை. எதற்காகத் தொங்குகிறது என்பது உங்களுக்காவது தெரிந்திருக்கட்டும்.

கேள்வி (ஓசூர், தொழிற்சாலை மனிதவள அலுவலர்): ஊழியர் கூட்டத்தைத் திருமண மண்டபத்தில் வைத்தோம். ஒலி உரத்துக் கேட்டது. ஒரு சொல்கூடப் புரியவில்லை.

பதில்: பளிங்குத் தரை, கண்ணாடி, மொட்டைச் சுவர். சொல் சுவரில் பட்டுத் திரும்பி வருவதற்குள் அடுத்த சொல் வந்துவிடுகிறது. உரக்கப் பேசினால் எதிரொலியும் சேர்ந்தே உரக்கும் என்பதால் ஒலியைக் கூட்டிப் பயனில்லை.

ஹார்வர்டில் வாலஸ் சபைன் 1895 வாக்கில் இதே தொல்லையோடு போராடி, பக்கத்து அரங்கின் இருக்கை மெத்தைகளை இரவோடிரவாகச் சுமந்துவந்து அடுக்கி அளந்து ஒரு கணக்கைக் கண்டுபிடித்தார். அறையின் கன அளவை 0.161ஆல் பெருக்கி, ஒலியை உறிஞ்சும் பரப்பால் வகுத்தால், எதிரொலி எத்தனை விநாடி நீடிக்கும் என்று தெரியும். 30 மீட்டர் நீளம், 20 அகலம், 6 உயரம் உள்ள மண்டபம் 3,600 கன மீட்டர். காலியாக இருக்கையில் உறிஞ்சும் பரப்பு 200 சதுர மீட்டர் என்று வைத்துக்கொண்டால் 2.9 விநாடி வரும். ஒரு மனிதர் ஏறத்தாழ அரைச் சதுர மீட்டர் மெத்தைக்குச் சமம். 400 பேர் உட்கார்ந்தால் அது பாதியாகிவிடும். கூட்டம் கால்வாசிதான் வந்திருந்தது என்றால் உங்கள் குறைக்குக் காரணம் அதுவும்தான்.

செய்யக்கூடியவை: பின் சுவரில் கனத்த திரை, நடைபாதையில் கம்பளம், ஸ்பீக்கரின் முகம் சுவரை நோக்காமல் மனிதர்களை நோக்கிச் சாய்ந்திருப்பது. மிக்ஸரில் குரலுக்கு 120 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடுங்கள். இந்தக் குறைக்கு நான் சொல்லும் ஒரே மிக்ஸர் வைத்தியம் இதுதான். பேச்சாளரிடம் நிறுத்தி நிறுத்திப் பேசச் சொல்லுங்கள்; பழைய அரசியல் மேடைப் பேச்சாளர்கள் இடைவெளி விட்டுப் பேசியதில் இந்தப் பயனும் இருந்தது என்பது என் ஊகம்.

கேள்வி (பெங்களூரு, ஒலிப்பதிவு உதவியாளர்): பன்னிரண்டு கார்ட்லெஸ் மைக். ஒத்திகையில் ஒழுங்காக இருந்தவை, அரங்கம் நிறைந்ததும் விட்டுவிட்டு வந்தன.

பதில்: மனித உடல் பெரும்பாலும் தண்ணீர். கார்ட்லெஸ் மைக் அனுப்பும் ரேடியோ அலைகளை அது விழுங்கும். உங்கள் ரிசீவரின் ஆன்டெனா மேசை உயரத்தில் இருந்திருக்கும். அதைத் தலைகளுக்கு மேலே, மேடை நேராகத் தெரியும்படி ஏற்றுங்கள். அடுத்தது அதிர்வெண் தேர்வு. 600.0, 600.4 மெகாஹெர்ட்ஸில் இரண்டு மைக் ஓடினால், அவை தாமாகவே 599.6, 600.8 ஆகியவற்றிலும் பேய் அலைகளை உண்டாக்கும். மூன்றாம் மைக்கை அங்கே வைத்தால் அது தடுமாறும். சம இடைவெளியில் அழகாக அடுக்குவதுதான் மிக மோசமான அடுக்கு. இந்தப் பேய் அலைகளைக் கணக்கிட்டுப் பார்க்கும் மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. 700 மெகாஹெர்ட்ஸ் பழைய மைக் வைத்திருந்தால் ஓய்வு கொடுத்துவிடுங்கள். 2022 அலைக்கற்றை ஏலத்துக்குப் பிறகு அந்தப் பகுதியில் 5ஜி வந்துவிட்டது. எல்.இ.டி. திரையை எரியவிட்ட பிறகே அலைகளைத் தேடுங்கள். அதுவும் இரைச்சல் கொட்டும்.

கேள்வி (சென்னை, தகவல் தொழில்நுட்ப ஊழியர்): இணையவழியில் சேரும் வெளிநாட்டு அதிகாரிக்குத் தன் குரலே திரும்பக் கேட்கிறது.

பதில்: அவருக்கு அனுப்பும் ஒலியில் அவர் குரலையும் சேர்த்து அனுப்புகிறீர்கள். அவருக்கென்று மிக்ஸரில் தனி ஆக்ஸ் (வேறொரு கலவையை வெளியே அனுப்பும் வழி) எடுத்து, அதில் எல்லாவற்றையும் ஏற்றி, அவர் குரல் வரும் சேனலை மட்டும் மூடிவிடுங்கள்.

கேள்வி (சேலம்): மடிக்கணினியை இணைத்ததும் ‘ம்ம்ம்’ என்று ஹம்மிங். பிளக்கின் எர்த் முள்ளை உடைத்தால் நின்றுவிடுகிறது. இது சரியா?

பதில்: தயவுசெய்து வேண்டாம். தொடக்க காலத்தில் நான் போன ஒரு கச்சேரியில் யாரோ இப்படி உடைத்த முள்ளால், பாடகரின் உதடு மைக்கில் பட்டதும் சுரீர் என்று இழுத்தது. நல்லவேளை, அவர் ஷூ போட்டிருந்தார். கணினியும் மிக்ஸரும் வெவ்வேறு இடத்தில் எர்த் ஆகியிருப்பதால் வரும் 50 ஹெர்ட்ஸ் ஒலி அது. நடுவில் டிரான்ஸ்ஃபார்மர் உள்ள டி.ஐ. பாக்ஸ் (கணினியின் ஒலியை மிக்ஸருக்கு ஏற்றபடி மாற்றும் சிறு பெட்டி) ஒன்றை வைத்து, ஒலிக் கம்பியின் எர்த் இணைப்பை மட்டும் துண்டிக்கும் அதன் லிஃப்ட் பொத்தானை அழுத்துங்கள். ஒலிக்கும் விளக்குக்கும் மின்சாரத்தைத் தனித்தனியே எடுங்கள்.

கேள்வி (தஞ்சாவூர், கல்லூரி மாணவி): எல்லாரும் மைக்கில் ‘ஹலோ, ஒன் டூ த்ரீ’ என்கிறார்கள். அது போதுமா, ஐயா?

பதில்: ஒலி வருகிறதா என்று அறிய அது போதும். தமிழ் புரிகிறதா என்று அறியப் போதாது. நம் மொழியில் வால், வாள், வாழ் மூன்றையும் பிரித்துக் காட்டும் நுட்பம் 1.5 முதல் 3 கிலோஹெர்ட்ஸ் பகுதியில் பெரிதும் தங்கியிருக்கிறது; எதிரொலியும் தவறான ஈக்வலைசரும் முதலில் அழிப்பது அந்த வேறுபாட்டைத்தான். நான் கடைசி வரிசையில் ஒருவரைத் தாளும் பேனாவுமாக உட்காரவைத்து, மேடையிலிருந்து பத்துச் சொற்களை வரிசை மாற்றிச் சொல்வேன்: பலம், பள்ளம், பழம், மரம், மறம் என்று. அண்மையில் ஒரு மண்டபத்தில் எட்டுதான் சரியாக வந்தது. தவறிய இரண்டும் ழகரம். பின்வரிசை ஸ்பீக்கர்களை ஐந்து பாகை கீழே சாய்த்து மறுபடி சொன்னேன். பத்தும் வந்தன.