சுவருக்கும் வைத்தியம் பாருங்கள்: வாசகர் கேள்வி - பதில்

கேள்வி: 10க்கு 12 அடியில் ஒற்றை அறை ஓட்டு வீடு, மண்சுவர். சமையல், படுக்கை எல்லாம் அதற்குள்தான், நாயும் எங்களோடுதான். வாரம் தவறாமல் குளிப்பாட்டியும் உண்ணி குறையவில்லை. இப்போது சுவரிலும் ஏறுகிறது. என்ன செய்வது?
- வாசகி, திருத்துறைப்பூண்டி

பதில்: உண்ணி நாயின் மேல் குடியிருப்பதில்லை, சாப்பிட வந்து போகிறது. குஞ்சாக ஒரு தடவை, இளம் உண்ணியாக ஒரு தடவை, வளர்ந்தபின் ஒரு தடவை ரத்தம் குடிக்கும். ஒவ்வொரு முறையும் கீழே விழுந்து இடுக்குத் தேடிப் போய்விடும். வயிறு புடைத்த பெண் உண்ணி சுவரேறி, விரிசலுக்குள் ஆயிரக்கணக்கில் முட்டையிட்டுச் செத்துப்போகும். நாயை மட்டும் குளிப்பாட்டினால் சுவரிலுள்ள கூட்டம் அப்படியே இருக்கும்.

நல்ல வெயில் நாளில் சாமான்களை வெளியே எடுத்துப் போடுங்கள். நிலைக்கும் சுவருக்கும் நடுவிலுள்ள சந்து, ஓட்டுக்கடியில் சுவர் முடியும் இடம், கயிற்றுக் கட்டிலின் முடிச்சுகள், காலண்டரின் பின்பக்கம் எல்லாவற்றிலும் டார்ச் அடித்துப் பாருங்கள். கூட்டிய குப்பையைக் கொல்லையில் கொட்டினால் உண்ணி திரும்பி வரும். சோப்புக் கலந்த கொதிநீரில் போடுங்கள். விரலால் நசுக்காதீர்கள். நாய் படுக்கும் துணியை வாரம் ஒருமுறை வெந்நீரில் ஊறவைத்துத் துவையுங்கள்.

விரிசலுக்குச் சிமெண்ட் பூச வேண்டாம். மண்சுவரோடு சிமெண்ட் சேராது. நாளடைவில் பெயர்ந்து பின்னால் புதுச் சந்து விழும். உண்ணிக்கு அதைவிட வசதியான இடம் வேறில்லை. சலித்த மண்ணில் நறுக்கிய வைக்கோல் சேர்த்துக் குழைத்து, ஒரு நாள் புளிக்கவிட்டு அடையுங்கள். நன்றாகக் காய்ந்தபின் சுண்ணாம்பு இரண்டு பூச்சு. சுண்ணாம்பு உண்ணியைக் கொல்லும் என்று நம்ப வேண்டாம். மயிரிழை விரிசல்களை அடைக்கும், அவ்வளவுதான்.

இனி நாய்க்கு. 12.5 சதவீத அமிட்ராஸ் மருந்தை லிட்டர் தண்ணீருக்கு 2 மில்லி கலந்து ஊற்றுவது மலிவுதான். ஆனால் காயும்வரை நாய் நக்கக் கூடாது, குழந்தை தொடக் கூடாது, பூனை இருந்தால் ஆகவே ஆகாது. ஒரே அறையில் இதெல்லாம் நடக்கிற காரியமா? மாதம் ஒன்று கொடுக்கும் அஃபோக்சொலேனர் வகை மாத்திரையே உங்களுக்குச் சரி. கால்நடை மருத்துவர் எடை பார்த்துத் தருவார். வலிப்பு வந்த நாய் என்றால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மாத்திரை கொடுத்தபின் நாயை வெளியே கட்டாதீர்கள். வழக்கம்போல உள்ளேயே படுக்கட்டும். சுவரிலிருப்பவை தேடி வந்து கடித்துச் சாகும். முதல் மாதம் உண்ணி கண்ணில் படத்தான் செய்யும்; அதைப் பார்த்து நிறுத்தாமல் மூன்று மாதமாவது கொடுங்கள்.

வயலுக்கு வாங்கிய பூச்சிமருந்தை நாய் மீதோ வீட்டுக்குள்ளோ அடிக்கவே கூடாது. மண்ணெண்ணெயும் தோலைப் புண்ணாக்கும். நாய் சாப்பிடாமல் சோர்ந்து கிடந்தால், ஈறு வெளுத்தால், மூக்கில் ரத்தம் வந்தால் உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம். உடனே ரத்தப் பரிசோதனை செய்யுங்கள்.

கேள்வி: நாங்கள் சாப்பிடும் குழம்புச் சோறே நாய்க்கும். தப்பா?
- வாசகர், கும்பகோணம்

பதில்: சோறு தப்பில்லை, குழம்புதான் தப்பு. அதிலுள்ள சின்ன வெங்காயமும் பூண்டும் நாயின் சிவப்பணுக்களை உடைக்கும்; தினமும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்து ரத்தசோகையில் கொண்டுபோய் விடும். பருப்பு வெந்ததும், வெங்காயம் போடுமுன் ஒரு கரண்டி தனியே எடுத்து வையுங்கள். 15 கிலோ நாய்க்கு வேளைக்கு இரண்டு கைப்பிடி சோறு, அந்தப் பருப்பு, ஓர் அவித்த முட்டை அல்லது முள் நீக்கி வேகவைத்த மத்தி; இப்படி இரு வேளை. வெந்த கோழியெலும்பு சிம்பு சிம்பாய் உடைந்து குடலைக் கிழிக்கும், வேண்டாம்.

கேள்வி: ஐப்பசி, கார்த்திகையில் தரை ஓதம் ஏறிவிடுகிறது. நாயை எங்கே படுக்க வைப்பது?
- வாசகி, வேதாரண்யம்

பதில்: கட்டிலுக்கடியில் நான்கு செங்கல் படுக்கவைத்து, மேலே இரண்டரை அடிக்கு மூன்றடிப் பலகை. சாக்கு விரிக்காதீர்கள், நனைந்தால் லேசில் காயாது. பழைய வேட்டித் துண்டு இரண்டு வைத்து மாற்றிக்கொள்ளுங்கள். வெளியே போய் வந்ததும் விரலிடுக்கையும் காதையும் துடைத்துவிடுங்கள். எலிமூத்திரம் கலந்த வயல் தண்ணீரிலிருந்து எலிக்காய்ச்சல் வரும். வெறிநாய்த் தடுப்பூசியோடு அதற்கான ஊசியையும் ஆண்டுதோறும் மழைக்கு முன்பே போட்டுவிடுங்கள். புயல் எச்சரிக்கை வந்தால் நாயைச் சங்கிலியில் கட்டிவிட்டுக் கிளம்பாதீர்கள். தண்ணீர் ஏறினால் அதனால் நீந்தக்கூட முடியாது.