ரசிகர் மாநாட்டுக்கு ரோல்பிளேயிங் கேம் விருந்தினராகப் போகிறீர்களா? வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: நான் வெளியிட்ட டேபிள்டாப் ரோல்பிளேயிங் கேமை (மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு கேரக்டராகப் பேசிக் கதையை நகர்த்தும் ஆட்டம்) பார்த்துவிட்டு, இங்கிலாந்தில் நடக்கும் அறிவியல் புனைவு ரசிகர் மாநாடு ஒன்றுக்கு விருந்தினராக அழைத்திருக்கிறார்கள். மூன்று நாள் நிகழ்ச்சி. ஒப்புக்கொள்ளும் முன் என்ன கேட்க வேண்டும்?
– வாசகி, ஹாரோ, லண்டன்

பதில்: வாழ்த்துகள். எல்லாவற்றையும் மின்னஞ்சலில் கேளுங்கள்; போனில் பேசியிருந்தால் அதை அன்றே எழுதி அனுப்பிவிடுங்கள். பயணச் செலவை முன்பே தருவார்களா, ரசீது காட்டிய பிறகா? எத்தனை இரவு தங்குமிடம்? உடன் வருபவருக்கு நுழைவு அட்டை உண்டா? தன்னார்வலர்கள் நடத்தும் மாநாடுகள் பலவற்றில் பயணமும் தங்குமிடமும் மட்டுமே கிடைக்கும். ஆனாலும் சன்மானம் பற்றிக் கேட்கக் கூச்சப்பட வேண்டாம்.

பலர் கேட்க மறப்பது வேலை அளவு. நான்கு மணி நேர ஆட்டம் ஒரு நாளைக்கு இரண்டுக்கு மேல் வேண்டாம். விளையாடுபவர் தன் முறை வரும்போது பேசினால் போதும். ஆட்டத்தை நடத்தும் கேம் மாஸ்டரான உங்களுக்கு அந்த ஓய்வு கிடையாது. மேசை எங்கே என்பதையும் கேளுங்கள். விற்பனைக் கூடத்துக்கு நடுவே போட்டால் எதிரில் இருப்பவர் சொல்வது காதில் விழாது, கத்திக் கத்தி முதல் நாள் மாலையே தொண்டை கட்டிவிடும். கதவு உள்ள தனி அறை வேண்டும் என்று உறுதியாகச் சொல்லுங்கள்.

கேள்வி: மாநாட்டில் ஆட்டம் நடத்த நான்கு மணி நேரம் தருகிறார்கள். கதை பாதியில் இருக்கும்போதே நேரம் முடிந்துவிடுகிறது. என்ன செய்வது?
– வாசகர், டொராண்டோ

பதில்: உங்கள் கையில் இருப்பது நான்கு மணி நேரம் அல்ல, மூன்றுதான். வந்து உட்காரப் பத்து நிமிடம், கேரக்டரைத் தேர்ந்தெடுத்து விதிகளைப் புரிந்துகொள்ள இருபது, இடைவேளை பத்து, அடுத்த குழுவுக்கு மேசையைக் காலி செய்யப் பதினைந்து. இதைக் கழித்துவிட்டுத் திட்டம் போடுங்கள்.

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற ரோல்பிளேயிங் கேமின் ஐந்தாம் பதிப்பில், ஆறு பேர் இருக்கும் மேசையில் கொஞ்சம் கனமான சண்டை ஒன்று ஒரு மணி நேரத்தை விழுங்கிவிடும். ஆகவே இரண்டு சண்டை போதும்; மூன்றாவது வைத்தால் பேசவும் துப்புத் துலக்கவும் நேரமே இருக்காது. கதையின் நடுவில், எடுத்துவிட்டாலும் கேடில்லாத காட்சி ஒன்றை முன்பே குறித்து வையுங்கள். இரண்டரை மணி நேரம் ஆகியும் இறுதிக் கட்டம் தொடங்கவில்லை என்றால் அந்தக் காட்சியைத் தயங்காமல் தூக்கிவிடுங்கள். முடிவை மட்டும் வெட்டாதீர்கள். டிக்கெட் எடுத்து வந்தவர்கள் அந்தக் கதையை இனி ஒருநாளும் தொடரப்போவதில்லை.

ஐந்து இருக்கை என்றால் கேரக்டர் ஆறு தயாராக இருக்கட்டும். ஐந்தே இருந்தால் கடைசியாக வருபவருக்கு மற்றவர்கள் வேண்டாம் என்று ஒதுக்கியதுதான் மிஞ்சும். கேரக்டரின் பலத்தைக் காட்டும் லெவல் மூன்றாக இருப்பது பொருத்தம்: முதல் லெவலில் ஒரே அடியில் விழுந்துவிடுவார்கள், ஐந்துக்கு மேல் போனால் புதியவர்கள் எதைச் செய்வது என்று திகைத்து நிற்பார்கள். கேரக்டரின் திறன்களைக் குறித்த கேரக்டர் ஷீட் ஒரே பக்கம், எழுத்து 14 பாயிண்ட். மந்திரங்களின் விளக்கத்தையும் அதிலேயே அச்சடித்துவிடுங்கள். விதிப் புத்தகத்தைப் புரட்டும் ஒவ்வொரு முறையும் ஆட்டம் நின்றுவிடும்.

ரசிகர் மாநாட்டு மேசையில் பகடையையே தொடாதவர்கள் நிச்சயம் இருப்பார்கள். அவர்களுக்கு விதிகளைப் பாடமாக எடுக்காதீர்கள். "நிலைமையை நான் சொல்வேன், என்ன செய்கிறீர்கள் என்று நீங்கள் சொல்லுங்கள், நடக்குமா நடக்காதா என்ற சந்தேகம் வந்தால் பகடை உருட்டுவோம்" என்பது தொடக்கத்துக்குப் போதும். ஏழு பகடை கொண்ட செட்டில் எது எது என்று தெரியாமல் அவர்கள் தேடுவார்கள். இருபது முகப் பகடை மட்டும் எல்லாருக்கும் சிவப்பு, மற்றவை வேறு நிறம் என்று வைத்துக்கொண்டால் "சிவப்பை உருட்டுங்கள்" என்று சொல்லிவிடலாம்.

கேள்வி: சண்டை நடக்கும் இடத்தை வரைந்து காட்ட மேசையில் விரிக்கும் வினைல் பேட்டில் மேட்டில் வரைந்த கோடுகள் அழியவே இல்லை. மாநாட்டுக்கு வேறு என்ன கொண்டுபோகலாம்?
– வாசகர், சிங்கப்பூர்

பதில்: ஒயிட்போர்டு மார்க்கரால் வரைந்திருப்பீர்கள். அதன் மை வினைலுக்குள் இறங்கிவிடும். ஈரத்துணியால் துடைக்கும் வெட் இரேஸ் மார்க்கர்தான் வேண்டும். அதிலும் சிவப்பு கறை விடும், கறுப்பையே வைத்துக்கொண்டு ஆட்டம் முடிந்ததும் துடைத்துவிடுங்கள். மாநாட்டுக்கு இதைவிடச் சுலபமான வழி, ஒரு அங்குலக் கட்டம் போட்ட பெரிய தாளில் வரைபடங்களை வீட்டிலேயே வரைந்து சுருட்டிக்கொள்வது. கூடவே பென்சில், ரப்பர், கூடுதலாக மூன்று பகடை செட், பெயர் எழுதி நிறுத்த மடித்த அட்டைகள்.

கேள்வி: முன்பின் தெரியாதவர்களோடு ஆடும்போது கதை யாரையாவது புண்படுத்திவிட்டால்?
– வாசகி, கோவை

பதில்: ஜான் ஸ்டாவ்ரோபோலஸ் உருவாக்கிய எக்ஸ் கார்டைப் பயன்படுத்துங்கள். எக்ஸ் எழுதிய அட்டை ஒன்றை மேசை நடுவில், எல்லார் கைக்கும் எட்டும்படி வையுங்கள். யார் தொட்டாலும் கதையில் அப்போது வரும் விஷயத்தை விட்டு நகர்ந்துவிட வேண்டும். ஏன் என்று கேட்கக்கூடாது. ஆரம்பத்தில் விளக்கும்போதே நீங்கள் ஒருமுறை தொட்டுக் காட்டுங்கள். விருந்தினரே தொட்டால் மற்றவர்களுக்குத் தயக்கம் போய்விடும்.

கேள்வி: அமெரிக்காவின் இண்டியானாபொலிஸில் நடக்கும் ஜென் கான் என்ற கேம் மாநாட்டில் பணம் வாங்கிக்கொண்டு ஆட்டம் நடத்த அமெரிக்கச் சுற்றுலா விசா போதுமா?
– வாசகர், சென்னை

பதில்: போதாது. சுற்றுலா விசாவில் ஊதியத்துக்கு வேலை செய்யக்கூடாது. கட்டணம், சன்மானம் என்று எந்தப் பெயரில் தந்தாலும், டிக்கெட் போடும் முன் குடியேற்றச் சட்டம் தெரிந்த வழக்கறிஞரிடம் அழைப்புக் கடிதத்தைக் காட்டிக் கேட்டுவிடுங்கள்.