டி அண்ட் டி புதிய பதிப்பு: நம்ம ஊர் நண்பர்களின் கேள்விகளும் என் பதில்களும்

பத்து வருடங்களாக அடையாறில் எங்கள் வீட்டு மொட்டைமாடி அறையில் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (சுருக்கமாக டி அண்ட் டி) நடத்துகிறேன். ஒருவர் கதை சொல்ல, மற்றவர்கள் ஆளுக்கொரு கேரக்டராகிக் கட்டை உருட்டி ஆடும் விளையாட்டு இது. 2014-இல் வந்த ஐந்தாம் பதிப்பில் தொடங்கினோம். 2024 செப்டம்பரில் விளையாடுபவர்களுக்கான விதிப்புத்தகமான பிளேயர்ஸ் ஹேண்ட்புக் புதிதாக வந்தது. நவம்பரில் கதையை நடத்தும் டன்ஜன் மாஸ்டருக்கான (டி.எம்.) புத்தகமும், 2025 பிப்ரவரியில் அரக்கர்களுக்கான மான்ஸ்டர் மேனுவலும் வந்துவிட்டன. அப்போதிலிருந்து எங்கள் மேஜையில் புதிய விதிகள்தான். கேட்டவர்களுக்கெல்லாம் முடிந்தவரை இங்கே பதில் சொல்கிறேன்.

மூன்று புத்தகமும் வாங்கினால்தான் விளையாட முடியுமா அக்கா? காலேஜ் பசங்க ஐந்து பேர் இருக்கோம். (குரோம்பேட்டை)

வேண்டாம் தம்பி. இப்போதைக்கு ஒன்றுகூட வாங்காதீர்கள். எஸ்.ஆர்.டி. 5.2 என்று அடிப்படை விதிகளின் பிடிஎஃப் ஒன்று இலவசமாகவே கிடைக்கிறது. 12 கிளாஸும் (ஃபைட்டர், பாலடின் மாதிரி கேரக்டரின் வகைகள்) அதில் இருக்கின்றன, ஒவ்வொன்றுக்கும் ஒரு சப்கிளாஸ், அதாவது உட்பிரிவு. மந்திரங்களும் அரக்கர்களும் உண்டு. கேரக்டர் ஷீட்டை ஜெராக்ஸ் கடையில் ஐந்து பிரதி எடுத்தால் செலவு முடிந்தது. நாலைந்து வாரம் விளையாடுங்கள். பிடித்துப்போனால் ஐந்து பேரும் காசு போட்டு ஹேண்ட்புக் ஒன்று மட்டும் வாங்குங்கள். ஒரு மேஜைக்கு ஒரு புத்தகம் தாராளமாகப் போதும்.

டைஸ் செட் ஆர்டர் போட்டேன், இன்னும் வரவில்லை. ஆட்டம் இந்த ஞாயிறு. லூடோ கட்டை மட்டும்தான் இருக்கிறது. (பெரம்பூர்)

வீட்டில் தம்போலா இருக்கிறதா? 1 முதல் 20 வரையுள்ள காய்களை மட்டும் ஒரு சுருக்குப்பையில் போடுங்கள். அதுதான் உங்கள் டி20, அதாவது இருபது முகக் கட்டை. எட்டு முகக் கட்டை தேவைப்பட்டால் 1 முதல் 8 வரை. எடுத்த காயை மறக்காமல் பைக்குள் திரும்பப் போட்டுக் குலுக்க வேண்டும், இல்லையென்றால் கணக்கு கெட்டுவிடும். தம்போலா இல்லாத வீட்டில் சீட்டு எழுதிக் குலுக்கிப் போடலாம். ஆறு முகத்துக்கு லூடோ கட்டை இருக்கவே இருக்கிறது.

பழைய பதிப்பில் ஏழாம் லெவல் வரை வந்துவிட்டோம். நடுவில் மாறலாமா? (வேளச்சேரி)

கதை ஒரு கட்டம் முடியட்டும், அப்புறம் எல்லோரும் ஒரே நாளில் மாறுங்கள். ஒருவர் பழைய ஃபைட்டர், பக்கத்தில் இன்னொருவர் புதிய ஃபைட்டர் என்று மட்டும் உட்காராதீர்கள். பழையவருக்கு இரண்டு வாரத்தில் மனசு விட்டுப்போகும். 2014 காலத்துச் சாகசக் கதைகளைப் புதிய கேரக்டர்களோடு தாராளமாக ஓட்டலாம். பழைய சப்கிளாஸும் செல்லும். ஆனால் இப்போது எல்லா கிளாஸுக்கும் சப்கிளாஸ் மூன்றாம் லெவலில்தான் வரும்.

உண்மையில் பெரிய மாற்றம் எது? (அண்ணா நகர்)

என்னைக் கேட்டால் இரண்டு.

முதலாவது, நீங்கள் யார் என்பதை இப்போது உங்கள் பிழைப்பு தீர்மானிக்கிறது. முன்பு இனம்தான் கணக்கு: எல்ஃப் என்றால் சுறுசுறுப்பு கூடும், டுவார்ஃப் என்றால் உடல் உறுதி கூடும். இப்போது அந்தப் புள்ளிகள் பேக்கிரவுண்ட் எனும் பிழைப்பிலிருந்து வருகின்றன, கூடவே முதல் லெவலிலேயே ஒரு ஃபீட்டும் (தனித்திறமை) கிடைக்கிறது. எங்கள் மேஜையில் ஒரு தங்கை காசிமேட்டுப் படகுக்காரியாக ஒரு கேரக்டர் செய்தாள். செய்லர் (மாலுமி) பேக்கிரவுண்ட் எடுத்தாள். வலிமை, சுறுசுறுப்பு, விவேகம் மூன்றுக்கும் தலா ஒன்று கூடியது. வெறுங்கையால் குத்தினாலே வலிக்கிற டாவர்ன் பிராலர் ஃபீட்டும் வந்தது. இனத்தை அவள் கடைசியில்தான் யோசித்தாள். எனக்கு அது மிகவும் பிடித்திருந்தது.

இரண்டாவது, வெப்பன் மாஸ்டரி. இது ஃபைட்டர், பார்பேரியன் போன்ற ஆயுதக்காரர்களுக்கு. ஒவ்வோர் ஆயுதத்துக்கும் ஒரு குணம். போர்க்கோடாலி அடித்தால் எதிரி சேவிங் த்ரோ, அதாவது தப்பிக்க ஒரு கட்டை, போட வேண்டும், தவறினால் கீழே விழுவான். வார்ஹாமர் பத்தடி பின்னால் தள்ளும். கிரேட்சோர்டுக்குக் கிரேஸ் என்று ஒன்று: குறி தப்பினாலும் உங்கள் வலிமைக்கு நேரே இருக்கும் பிளஸ் எண் அளவுக்கு அடி விழும். போன மாதம் முதல் முறை வந்த பையன் ஒருவன் அன்று மாலை முழுக்கக் கட்டையில் 4, 6, 3 என்றே போட்டுக்கொண்டிருந்தான். கடைசி கோப்ளினுக்கு (குட்டி அரக்கன்) மிச்சம் இரண்டே ஹெச்.பி., அதாவது உயிர்ப்புள்ளி. உருட்டினான், 5. கட்டையை எடுத்துப் பக்கத்தில் நீட்டிவிட்டான். "இரு, உன் ஷீட்டைப் பார்" என்றேன். வலிமை பிளஸ் 3. குறி தப்பிய வாளின் நுனி பட்டே அந்தக் கோப்ளின் சரிந்தது. பையன் நாற்காலியை விட்டு எழுந்து நின்றுவிட்டான். பழைய விதியில் அவன் வெறுங்கையோடு வீட்டுக்குப் போயிருப்பான்.

பாலடினைக் கெடுத்துவிட்டார்கள் என்கிறார்களே? (தாம்பரம்)

கெடுக்கவில்லை, கட்டிப்போட்டிருக்கிறார்கள். பாலடின் தெய்வ சக்தியோடு போரிடுபவர். அவருடைய அடிக்குக் கூடுதல் காயம் சேர்க்கும் டிவைன் ஸ்மைட் இப்போது ஒரு மந்திரம், அதற்கு ஒரு டர்னில் ஒரு தடவையே கிடைக்கும் போனஸ் ஆக்‌ஷன் வேண்டும். ஆகவே ஒரு டர்னில் ஒன்றுக்கு மேல் போட முடியாது. முன்பு ஒவ்வோர் அடிக்கும் ஒரு ஸ்மைட் என்று கொட்டி, கதையின் வில்லனையே ஒரே டர்னில் முடிப்பார்கள், மற்றவர்கள் வேடிக்கை பார்ப்பார்கள். இந்த மாற்றம் எனக்குச் சம்மதமே.

எட்டாம் வகுப்புப் பையன் இதே நினைப்பாக இருக்கிறான். விடலாமாம்மா? (மயிலாப்பூர்)

விடுங்கள் அம்மா. மனக்கணக்கு, வாசிப்பு, நாலு பேரோடு முகம் பார்த்துப் பேசுவது, எல்லாம் இதில் இருக்கிறது. செல்போனை மேஜைக்கு வெளியே வைக்கச் சொல்லுங்கள். ஒரு நாள் நீங்களும் கூட உட்கார்ந்து பாருங்கள்.

தமிழிலேயே நடத்த முடியுமா? (வியாசர்பாடி)

நாங்கள் அப்படித்தான் நடத்துகிறோம். அட்வான்டேஜ், ஸ்பெல் ஸ்லாட் மாதிரி விதிச்சொற்களை அப்படியே விட்டுவிடுங்கள். மொழிபெயர்த்தால் ஆட்டம் நின்று நின்று போகும். ஆனால் கதையைத் தமிழில் சொல்லுங்கள். டாவர்ன் என்பதைச் சத்திரம் ஆக்குங்கள். "அடைமழை. சத்திரத்துத் திண்ணையில் ஈரத்தலையோடு ஒரு கிழவி. மடியில் எதையோ மூடி வைத்திருக்கிறாள்" என்று சொல்லி நிறுத்துங்கள். மடியில் என்ன என்று யாராவது கேட்காமல் இருக்க மாட்டார்கள்.

முதல் முறை டி.எம். ஆகப்போகிறேன். ஹேண்ட்புக்கின் 384 பக்கத்தையும் படிக்கணுமா? (பல்லாவரம்)

வேண்டாம். புதிய ஹேண்ட்புக்கின் முதல் அத்தியாயமே விளையாடும் முறைதான், அதை இரண்டு தடவை படியுங்கள். பின்னால் அகரவரிசையில் விதிச்சொற்கள் இருக்கின்றன, அங்கே ஒரு சீட்டைச் செருகி வையுங்கள். ஆட்டத்தின் நடுவே சந்தேகம் வந்தால் அரை நிமிடம் தேடுங்கள். கிடைக்கவில்லையா, நியாயமாகப் படுவதைச் சொல்லிவிட்டு நோட்டில் குறித்துக்கொண்டு, வீட்டுக்குப் போய்ப் பாருங்கள். முதல் நாளுக்கு ஒரு குகை, மூன்று கோப்ளின், ஒரு பூட்டிய பெட்டி போதும். பெட்டிக்குள் என்ன என்பதை மட்டும் முன்கூட்டியே முடிவுசெய்து வையுங்கள், அதைத்தான் முதலில் கேட்பார்கள்.