வண்டலூர் சுற்றுலாவில் ஆடு வளர்ப்பவருக்கு என்ன வேலை?

கேள்வி: மேலூர் பக்கம் ஓர் அரசு நடுநிலைப் பள்ளி. 7ஆம் வகுப்புப் பிள்ளைகள் 30 பேரை வண்டலூர் உயிரியல் பூங்காவுக்கு அழைத்துப் போகிறார்கள். துணைக்குப் பெற்றோர் ஆறு பேர் போகிறோம். பெரும்பாலும் ஆடு மாடு வளர்ப்பவர்கள். அறிவியல் சொல்லித்தரும் அளவுக்குப் படித்தவர்கள் இல்லை. தலையை எண்ணிக்கொண்டு திரிவதைத் தவிர எங்களால் என்ன செய்ய முடியும்?

பதில்: ஆடு மாடு வளர்ப்பவர்கள் என்பதுதான் உங்கள் பலம். அதையே பாடமாக்குங்கள்: எந்த விலங்கு அசைபோடுகிறது, எது போடுவதில்லை? புள்ளிமான், கடமான், காட்டுமாடு, நீர்யானை, இவை போதும். சிங்கத்தைப் போகிற வழியில் பார்த்துக்கொள்ளலாம். அது பகலில் பெரும்பாலும் தூங்கும். நின்று கவனித்தாலும் எழுத ஒன்றும் கிடைக்காது.

வேலை ஒரு வாரம் முன்பே வீட்டில் தொடங்க வேண்டும். ஆடு மேய்ந்து வந்து படுத்தபின் பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வையுங்கள். இரை உருண்டை வயிற்றிலிருந்து மேலே ஏறுவது கழுத்தில் கண்ணுக்கே தெரியும். அது ஏறியதும் எண்ணத் தொடங்கி, விழுங்கும்வரை எத்தனை மெல்லு என்று குறிக்கட்டும். அடுத்த உருண்டை வர எத்தனை நொடி என்பதையும் எழுதட்டும். மாடு ஓர் உருண்டையை ஏறக்குறைய 40 முதல் 60 முறை மெல்லும். ஒரே தடவை எண்ணி நிறுத்தக் கூடாது. மூன்று உருண்டைகளை எண்ணி நடு எண்ணை எடுத்துக்கொள்ள வேண்டும். ஆடு இல்லாத வீட்டுப் பிள்ளையைப் பக்கத்து வீட்டுக் கொட்டகைக்கு அனுப்புங்கள்.

அப்போது நீங்கள் சொல்லித்தர நிறைய இருக்கிறது. ஆட்டுக்கு மேல்தாடையில் முன்பல் கிடையாது. 'ரெண்டு பல்லு', 'நாலு பல்லு' என்று வயது சொல்வது கீழ்ப்பல்லைப் பார்த்துத்தான். அசைபோடாத ஆட்டுக்கு உடம்பு சரியில்லை என்று உங்களுக்குத் தெரியும். காரணம் இதுதான்: மெல்லும்போது ஊறும் எச்சில் முதல் இரைப்பையின் அமிலத்தை மட்டுப்படுத்துகிறது. மாட்டுப் பொங்கலன்று பாசத்தில் அண்டாப் பொங்கலை ஊட்டினால் மாடு வயிறு உப்பிப் படுத்துவிடும். மாவுச்சத்து வேகமாகப் புளித்து, அமிலம் கூடி, அசை நின்றுபோவதால் வரும் கேடு அது. பூங்கா மானுக்குப் பிஸ்கட் போடக் கூடாது என்பதற்கும் இதுவே காரணம். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி அது குற்றமும்கூட. சட்டத்தைவிடப் பொங்கல் கதை பிள்ளைகள் மனதில் நன்றாக நிற்கும்.

பூங்காவுக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை. மதுரையிலிருந்து இரவு ரயிலில் தாம்பரத்தில் இறங்கினால் வண்டலூர் பக்கம். ஐந்து பிள்ளைக்கு ஒரு பெரியவர் என்று பிரித்து, பெயர்களைப் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்திலேயே முடிவு செய்துவிடுங்கள். குரங்குகளைக் காலையில் பாருங்கள். வெயில் ஏறினால் அவையும் சோர்ந்துவிடும். மான்களுக்கு நேர்மாறு. அவை நிழலில் படுத்து அசைபோடுவது மதியத்தில்தான். மற்றவர்கள் சலித்து நகரும் நேரம் உங்களுக்கு வாகானது. ஓரிடத்தில் 15 நிமிடமாவது நில்லுங்கள்.

அங்கே பெரும்பாலும் கெடுவது இரண்டு இடத்தில். பெயர்ப்பலகையைப் பார்த்து எழுதும் தாளைக் கொடுத்தால் பிள்ளை பலகையைத்தான் பார்க்கும், மானைப் பார்க்காது. அதனால் தாளில் விலங்கு, மெல்லு, இடைவெளி என்று மூன்று கட்டங்கள் மட்டும் போதும். அடுத்தது, நாம் முந்திக்கொண்டு பதில் சொல்வது. 'நீர்யானை அசைபோடுமாப்பா?' என்று கேட்டால், 'நீயே பாரு' என்று விட்டுவிடுங்கள். (போடாது. இரைப்பையில் அறைகள் உண்டு, ஆனால் இரை திரும்பி வாய்க்கு வருவதில்லை.) அடைப்பு பெரிது, மான் தள்ளிப் படுத்திருந்தால் தாடை தெரியாது. பக்கவாட்டில் படுத்திருக்கும் ஒன்றைத் தேர்ந்து செல்பேசியில் இரண்டு நிமிடம் வீடியோ எடுங்கள். எண்ணிக்கையில் சண்டை வந்தால் வகுப்பில் மெதுவாக ஓட்டிப் பார்த்துத் தீர்த்துக்கொள்ளலாம்.

திரும்பியபின் ஒரு வாரத்துக்குள் வகுப்பில் ஒரு மணி நேரம் ஆசிரியரிடம் கேட்டு வாங்குங்கள். கறிக்கடையில் ஆட்டுத் தாடை கேட்டால் கிடைக்கும். வேகவைத்துச் சதை நீக்கி வெயிலில் காயவைத்துக் கொண்டுவாருங்கள். கடைவாய்ப் பல்லின் மேடு பள்ளத்தைப் பிள்ளைகள் தடவிப் பார்க்கட்டும். குடல் கழுவிப் பழகிய அம்மா யாராவது இருந்தால் இன்னும் நல்லது: குளியல் துண்டு போல் சொரசொரவென்று இருப்பது முதல் இரைப்பை, தேன்கூடு போல் இருப்பது இரண்டாவது. பச்சையாகத் தொட்டவர்கள் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். அசைவம் தொடாத பிள்ளைகளைக் கட்டாயப்படுத்த வேண்டாம். அவர்களுக்கு வீடியோ இருக்கிறது.

செலவு கட்டுப்படியாகவில்லை என்றால், சிவகங்கை மாவட்டத் திருப்பத்தூர் அருகே வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயம் மதுரையிலிருந்து சுமார் 50 கி.மீ.தான், ஒரே நாளில் போய் வரலாம். நவம்பர் முதல் பிப்ரவரி வரை நல்ல பருவம். அங்கே கேள்வியை மாற்றிக்கொள்ளுங்கள். நத்தை குத்தி நாரையின் அலகு மூடியிருக்கும்போதும் நடுவில் இடைவெளி தெரியும். கூட்டில் இருக்கும் குஞ்சுக்கு அது இருக்கிறதா என்று பிள்ளைகள் தேடட்டும். சுற்றுக் கிராமத்தார் பறவைகளுக்காகத் தீபாவளிக்கும் வெடி வெடிப்பதில்லை. உங்கள் 30 பேரும் அங்கே சத்தம் போடாமல் இருக்க வேண்டும்.